பாடு: ஒரு நேரடி இசைப்பதிவும் நம் ஏரிக்கரையும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்கு நடுவே இசைத்தட்டிலிருந்து சில பகுதிகள் போட்டுக் காட்டப்பட்டன.)



போன தடவை மூத்த குடிமக்களின் வைப்புத்தொகை, நாமினி, வருமான வரிப் படிவம் இதையெல்லாம் பற்றிப் பேசினேன். இந்தத் தடவை உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். எனக்குப் பிடித்தது ஒரு இசைத்தட்டு. 1980களில் கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேசட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கேட்டாகிவிட்டது. பேச்சின் கடைசியில் நம் ஆண்டு விழாவைப் பற்றி ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். பாட்டுக்கும் கோரிக்கைக்கும் சம்பந்தம் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இசைத்தட்டின் பெயர் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்'. வாசித்தவர்கள் 'ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்'. அமெரிக்காவின் தென்பகுதியில் 1969இல் தொடங்கிய குழு. ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் தங்கியிருந்தார்கள். மொத்தம் ஆறு பேர். அண்ணன் டுவான் ஆல்மன் கிதார். தம்பி கிரெக் ஆல்மன் ஆர்கன் வாசித்துக்கொண்டே பாடுவார். டிக்கி பெட்ஸ் இன்னொரு கிதார். பெர்ரி ஓக்லி பேஸ் கிதார். டிரம்ஸுக்கு மட்டும் இரண்டு பேர், பட்ச் டிரக்ஸ், ஜெய்மோ. ஆறு பேரில் ஜெய்மோ கறுப்பர், மற்றவர்கள் வெள்ளையர். அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பக்கம் இப்படி ஒரே வண்டியில் போய், ஒரே இடத்தில் தங்கி, ஒரே மேடையில் வாசிப்பது சாதாரண விஷயமில்லை.

இவர்கள் வாசித்தது 'புளூஸ் ராக்'. புளூஸ் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் சிறைச்சாலையிலும் வேலை செய்த கறுப்பின மக்கள் வேலைக்கு நடுவே பாடினார்கள். ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அந்த வழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் புளூஸ். கூட்டம் இல்லாமல் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாடும்போது, பதில் சொல்லும் வேலையைக் கிதார் எடுத்துக்கொண்டது. பிறகு மின்சாரக் கிதார், பெரிய ஒலிபெருக்கி, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து புளூஸ் ராக் ஆனது.

இதற்குத் தமிழில் பொருத்தமான வார்த்தை உண்டா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அது என் வேலையிலேயே எனக்குக் கிடைத்தது.

நான் பழவேற்காட்டில் ஐந்து வருடம் வங்கி குமாஸ்தாவாக இருந்தேன். வலைக்கும் படகுக்கும் கடன் வாங்கியவர்கள் தவணை கட்டாவிட்டால் கேட்க வேண்டியது என் வேலை. "இந்த மாசம் எங்க பாடு வரலை சார்" என்பார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார்கள். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் அந்த இடங்களைச் சங்கத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார். அந்த இடத்துக்கும் பாடு, அந்த முறைக்கும் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஏற்பாடு. இதில் பங்கில்லாதவர்களும் உண்டு. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாடு கிடையாது. அதையும் சொல்ல வேண்டும்.

பாடு என்றால் முறை. பாடு என்றால் படுகிற கஷ்டம். பாடு என்றால் பாட்டுப் பாடு. மூன்றையும் ஒரே வார்த்தையில் வைத்திருக்கிறது நம் மொழி. படுகிற பாட்டை, அவரவர் முறை வரும்போது பாடுவது. புளூஸுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இப்போது இசைத்தட்டுக்கு வருகிறேன்.

ஆல்மன் குழு 1969இலும் 1970இலும் ஸ்டுடியோவில் இரண்டு இசைத்தட்டுகள் போட்டார்கள். பெரிதாக விற்கவில்லை. ஆனால் நேரில் கேட்டவர்கள் விடவில்லை. 1970இல் மட்டும் சுமார் 300 நிகழ்ச்சிகள் செய்தார்கள். வண்டியிலேயே தூக்கம், வண்டியிலேயே சாப்பாடு. நம் பலமே மேடைதான், அப்படியானால் மேடையையே பதிவு செய்வோம் என்று முடிவு செய்தார்கள்.

இடம் நியூயார்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம். 1971 மார்ச் மாதம் 12, 13 தேதிகளில் நடந்த கச்சேரிகளிலிருந்து தட்டு தயாரானது. பதிவுக்குப் பொறுப்பு டாம் டௌட். இவர் இளைஞராக இருந்தபோது அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு ஒலிப்பதிவுக்கு வந்துவிட்டார். கச்சேரித் தொடரின் முதல் இரவு சாக்ஸபோன் முதலான காற்று வாத்தியக்காரர்கள் சிலரையும் டுவான் மேடை ஏற்றியிருந்தார். சேரவில்லை, நிறுத்துங்கள் என்று டௌட் கண்டிப்பாகச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். கச்சேரி முடிந்ததும் நேராக ஸ்டுடியோவுக்குப் போய் அன்றைய நாடாவைப் போட்டுக் கேட்பார்கள். இது சரியாக வந்துவிட்டது, நாளைக்கு வேண்டாம், இதை மறுபடி வாசிப்போம் என்று பட்டியல் போடுவார்கள். நாங்கள் வங்கியில் தினமும் சாயங்காலம் கணக்கு நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி. மேடையில் எல்லாம் தானாக வந்து கொட்டியது போலக் கேட்கும். பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இரண்டு தட்டு, நான்கு பக்கம், ஏழே பாட்டு. ஏழு பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல்! 'விப்பிங் போஸ்ட்' என்ற பாட்டு, அதாவது சவுக்கடிக் கம்பம், ஸ்டுடியோத் தட்டில் சுமார் ஐந்து நிமிடம். இதில் 23 நிமிடம். சினிமாப் பாட்டு கேட்டுப் பழகியவர்களுக்கு இது நீளம். கச்சேரி கேட்டவர்களுக்கு இல்லை. ராகம் தானம் பல்லவி ஐந்து நிமிடத்திலா முடிகிறது? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும்போது யாராவது கடிகாரம் பார்க்கிறோமா? இங்கேயும் அதேதான். பாடகர் ஒதுங்கிக்கொள்கிறார். ஒரு கிதார் தன் முறையை வாசிக்கிறது. மற்றவர்கள் குறுக்கே வலை போடாமல் அடியில் தாங்குகிறார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர். பாடு முறைதான்.

இப்போது இந்தப் பாட்டின் முதல் அரை நிமிடத்தைக் கேளுங்கள். ஆரம்பத்தில் ரசிகர் ஒருவர் பாட்டின் பெயரைக் கத்திக் கேட்கிறார். டுவான் சிரித்த குரலில், சரியாகச் சொன்னீர்கள் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். உடனே பேஸ் கிதார் தனியாகத் தொடங்குகிறது. விரல் விட்டு எண்ணுங்கள். மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் 11. மிஸ்ரம் ஏழும் சங்கீர்ணம் ஒன்பதும் தெரிந்த நமக்கே 11 கொஞ்சம் இடறும். இந்தப் பாட்டை எழுதிய கிரெக்குக்கு அது 11 என்றே தெரியாதாம், அண்ணன் எண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்ததாம். நடு இரவில் பாட்டு வந்தது, பேனா காகிதம் இல்லை, எரிந்த தீக்குச்சிக் கரியால் இஸ்திரிப் பலகையின் துணியில் எழுதிவைத்தேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். படிப்பில் வராத கணக்கு பாட்டில் வரும். பஞ்சாங்கம் பார்க்காமல் நீரோட்டம் சொல்லும் மீனவர்களைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்து, தட்டின் முதல் பாட்டு 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்'. கிதார் அழுவது போல வழுக்கிக்கொண்டு போகிறது அல்லவா? விரலால் அழுத்தினால் இந்த ஒலி வராது. டுவான் தன் விரலில் ஒரு காலி மருந்து பாட்டிலை மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்குகிறார். ஜலதோஷ மாத்திரை வரும் சின்னக் கண்ணாடி பாட்டில். அவர் உடம்பு சரியில்லாமல் இருந்த ஒரு பிறந்தநாளில் தம்பி கொண்டுபோய்க் கொடுத்தது இரண்டு பொருள், அந்த மாத்திரை பாட்டிலும் தாஜ் மஹால் என்ற பாடகரின் இசைத்தட்டும். மாத்திரையைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, பாட்டிலை விரலில் மாட்டிக்கொண்டாராம். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையை வைத்து இழுப்பதும் இதே வித்தைதான். மெட்டுக்கு மெட்டு தாண்டாமல் குரல் மாதிரி இழையும். அதனால்தான் டுவானின் கிதார் நம் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை.

நேரடிப் பதிவில் எனக்குப் பிடித்தது இன்னொன்று உண்டு. அதில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நீண்ட பாட்டு ஒன்றின் நடுவே சத்தம் அடங்கிய ஒரு நொடியில், ராத்திரி முழுக்க வாசியுங்கள் என்று ஒரு குரல் கேட்கிறது. யார் என்று தெரியாது. ஐம்பது வருடமாக அந்தக் குரலும் பாட்டோடு சேர்ந்து இருக்கிறது. கடைசி இரவில் உண்மையிலேயே விடிய விடியத்தான் வாசித்தார்கள். வெட்டி ஒட்டிய இடம் ஒன்றிரண்டு தட்டில் உண்டு. இருந்தாலும் ஒரு ராத்திரியின் மூச்சு அதில் நிற்கிறது.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தது இதுதான். தட்டு 1971 ஜூலையில் வெளிவந்தது. அதற்குள் ஜூன் மாதமே ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தை மூடிவிட்டார்கள். கடைசி நிகழ்ச்சியை முடித்துவைத்தது இதே குழு. தட்டு நன்றாக விற்று, இனி பஸ்ஸில் தூங்க வேண்டாம் என்ற நிலை வந்தபோது, அக்டோபர் 29 அன்று மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவான் இறந்துபோனார். வயது 24. மறு வருடம் நவம்பரில் பெர்ரி ஓக்லியும் அதே ஊரில், பக்கத்திலேயே, அதே மாதிரி விபத்தில் போனார். அவருக்கும் 24.

அந்த இரவுகளை நாடாவில் பிடித்து வைக்காமல் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அரங்கமும் இருந்திருக்காது, ஆளும் இருந்திருக்கமாட்டார். இதைத்தான் உங்கள் மனதில் பதிய வைக்க விரும்புகிறேன். 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தத் தட்டை நாட்டின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

தட்டின் பின் அட்டையில் இன்னொரு நல்ல விஷயம். அதில் இருப்பது குழுவின் வேலையாட்கள். பெட்டி தூக்கியவர்கள், ஒயர் இழுத்தவர்கள். முன் அட்டையில் வாசித்தவர்கள், பின் அட்டையில் உழைத்தவர்கள். நம் ஆண்டு மலரில் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள் படம் போட வேண்டும் என்று நான் கமிட்டியில் வருடா வருடம் சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்' யாருடைய பாட்டு? பிளைண்ட் வில்லி மெக்டெல் என்ற பார்வையற்ற கறுப்புக் கலைஞர் 1928இல் பதிவு செய்தது. தெருவில் வாசித்துப் பிழைத்தவர். 1959இல் இறந்துவிட்டார். தன் பாட்டு உலகம் முழுக்கப் போனதை அவர் பார்க்கவில்லை. ஆல்மன் குழு பழைய பாட்டுகளைப் பாடியபோது எழுதியவர்களின் பெயரைப் போட்டார்கள். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. லெட் செப்லின் என்ற பெரிய இங்கிலாந்துக் குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் தன் வரிகள் இருக்கின்றன என்று வில்லி டிக்சன் என்ற புளூஸ் பாடலாசிரியர் 1985இல் வழக்குப் போட்டார். பிறகு சமரசமாகி, அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. பாட்டு யாருடையது, பணம் யாருக்கு என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே தீர்த்துவிட வேண்டும். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், கையெழுத்து இல்லாத கணக்கு எப்போதும் ஏழைக்குப் பாதகமாகத்தான் முடியும்.

சரி, இப்போது நம் பக்கத்துக்கு வருவோம்.

நம்மில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறோம். நண்டு வாங்குகிறோம், இறால் வாங்குகிறோம், டச்சுக் கல்லறையைப் பார்க்கிறோம், படகில் போட்டோ எடுக்கிறோம். 1613இல் கட்டத் தொடங்கிய கெல்ட்ரியா கோட்டை இப்போது இல்லை. ஆனால் டச்சுக்காரர்கள் கல்லில் பெயர் வெட்டி வைத்ததால் அவர்களின் பெயர் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஆல்மன் தட்டிலேயே ஒரு பாட்டின் பெயர் மேக்கன் ஊர்க் கல்லறையில் இருந்த எலிசபெத் ரீட் என்ற பெண்ணின் கல்லிலிருந்து எடுத்தது. டுவானும் ஓக்லியும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கல்லில் வெட்டினால் பெயர் நிற்கும். பாட்டை எதில் வெட்டுவது?

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் பாடும் பாட்டுக்கு அம்பாப் பாட்டு என்று பெயர். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். நான் முதலில் சொன்ன பருத்திக் காட்டுப் பாட்டும் இதே அமைப்புதான். இருபது பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் பெரிய வலை கரைக்கு வரும். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை, கருவி. பாட்டு தாளம் தப்பினால் வலை நிற்கும்.

நான் அங்கே வேலை பார்த்த நாட்களில் கட்டுமரம் நிறைய இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன, மோட்டார் வந்தது. வேலை சுலபமானது, நல்லதுதான். அவர்கள் முதுகு நமக்காக வலிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் ஓடும் படகில் யார் பாட்டுப் பாடுவார்கள்? பாட்டுக்கு வேலை போய்விட்டது. முகத்துவாரம் தூர்ந்துபோவது, மீன் குறைவது, பக்கத்தில் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் வந்தது, இப்படி அவர்கள் படும் பாடு மட்டும் குறையவில்லை. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

நம் வளாகத்தில் காய்கறி நறுக்கிக் கொடுக்கும் அம்மாவும், காலையில் மீன் கொண்டுவரும் அக்காவும் அந்தக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள்தான். உங்கள் ஊரில் பாடத் தெரிந்தவர்கள் யார் என்று அவர்களிடம் விசாரித்தேன். இருக்கிறார்கள் என்றார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களுக்கு இன்னும் நிறையத் தெரியும் என்றும் சொன்னார்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் மெல்லிசைக் குழு வைக்கிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே மேடையில் ஒரு மணி நேரத்தை ஏரிக்கரைப் பாட்டுக்காரர்களுக்கு ஒதுக்குவோம். நம் ஏ பிளாக் பிள்ளைகள் இரண்டு பேர் ஒலிப்பதிவு படித்தவர்கள். நல்ல மைக் வைத்து நேரடியாகப் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு நான்கு நிபந்தனை சொல்கிறேன். ஒன்று, மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் அதே கணக்கில் இவர்களுக்கும் சம்பளம். அன்பளிப்பு, வேட்டி புடவை என்று சுருக்கக் கூடாது. இரண்டு, பதிவு செய்யலாமா, எங்கே போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு, அவர்கள் புரிந்துகொண்டு சம்மதித்த பிறகுதான் மைக்கைத் திறக்க வேண்டும். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதைப் பதிவிலேயே சொல்ல வேண்டும். மூன்று, பதிவின் பிரதி அவர்கள் வீட்டுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் போக வேண்டும். பாட்டு அவர்களுடையது, நாம் பாதுகாப்புப் பெட்டகம் மட்டும்தான். நான்கு, நீளமாக இருக்கிறது என்று வெட்டக் கூடாது. நடுவில் இருமினாலும், குழந்தை அழுதாலும், நம் வாட்ச்மேன் கை தட்டினாலும் இருக்கட்டும்.

சத்தம் பற்றிச் சிலர் கேட்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லோருக்கும் உள்ள விதி. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடலாம். ஒப்பாரியைச் சுபகாரிய மேடையில் பாடலாமா என்றும் ஒரு மாமி கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதை விழா மேடையில் வைக்காமல், பாடுகிறவர்கள் விரும்பினால் வேறொரு நாள் கிளப் ஹவுஸில் தனியாகப் பதிவு செய்யலாம். செலவுக்கு உபரி நிதி இருக்கிறது, பொருளாளரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானமாக வருகிறது. ஆதரியுங்கள்.

இன்று கடைசியாகப் போடப் போவது அந்தச் சவுக்கடிக் கம்பப் பாட்டின் முடிவு. கவனித்துக் கேளுங்கள், அது முடிவதே இல்லை. பாட்டு ஓய்ந்து கை தட்டும்போதே டிரம்ஸ்காரர் அடுத்த பாட்டின் முழக்கத்தைத் தொடங்கிவிடுகிறார். தட்டில் இடம் இல்லாததால் அந்த இடத்தில் ஒலியை மெதுவாகக் குறைத்துவிட்டார்கள். அந்த அடுத்த பாட்டு அரை மணி நேரத்துக்கு மேல் நீள்வது. மறு வருடம் வேறொரு தட்டில் வெளிவந்தது. அப்போது டுவான் இல்லை. ஆனால் பதிவு இருந்தது, அதனால் நாம் இன்று அதையும் கேட்க முடிகிறது.

பாட்டு முடிந்ததும் டீயும் சுண்டலும் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் அப்போது கேட்கலாம். வங்கிச் சந்தேகமும் கேட்கலாம்.